மரமறுக்கும் யந்திரத்தின் சக்தியைப் பெருக்குதல்

சாய்ந்து கிடக்கும் புளியமரத்தின் அடித்தண்டில் வாளை அழுத்தியவுடன் யந்திரம் குரல் தாழ்ந்து திணறுமானால், அதைவிடப் பெரிய யந்திரம் ஒன்றை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று நினைப்பது இயல்பு. ஆனால் நம் கையிலிருக்கும் செயின்சா, சப்தத்தையும் புகையையும் பற்றிய சட்டங்களுக்கு உட்பட வேண்டும் என்பதற்காகவும், யார் கையில் அகப்பட்டாலும் எந்த எரிபொருளை ஊற்றினாலும் சீக்கிரம் கெட்டுவிடலாகாது என்பதற்காகவும், அதன் சக்தியில் ஒரு பகுதி தொழிற்சாலையிலேயே அடக்கப்பட்டு நம்மிடம் வந்து சேர்கிறது. அந்த அடக்கத்தில் எதை வீட்டிலேயே தளர்த்தலாம், எதைத் தொடாமல் விடுவது விவேகம், எந்த வரிசையில் செய்தால் யந்திரத்துக்கும் அதைப் பிடித்திருக்கிற கைக்கும் தீங்கு வராது என்பவையே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

தத்துவம் அதிகம் வேண்டியதில்லை. செயின்சாவிலுள்ள டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் சிலிண்டர்த் தலையில் வால்வுகள் கிடையா. சிலிண்டர் சுவரிலுள்ள போர்ட் என்னும் வாசல்களைப் பிஸ்டனே ஏறியிறங்கித் திறந்து மூடுகிறது. எரிந்த புகை, புகைவாசல் என்னும் முன்வாசல் வழியாக எவ்வளவு தாராளமாக வெளியேறுகிறதோ, அவ்வளவு தாராளமாகப் புதிய கலவை உள்ளே வர இடம் உண்டாகிறது. இதோடு இன்னொரு விஷயத்தையும் மனத்தில் அழுத்தமாகப் பதித்துக்கொள்ளுங்கள்: இந்த எஞ்சினுக்குத் தனியாக ஆயில் தொட்டி இல்லை; பெட்ரோலோடு கலந்து வருகிற ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். ஆகவே காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தால் உஷ்ணம் ஏறுவதும் ஆயில் குறைவதும் ஒரே நேரத்தில் நிகழ்ந்துவிடுகின்றன. இந்த அத்தியாயத்தில் நான் சொல்லும் எச்சரிக்கைகளில் பாதி இந்த ஒரு காரணத்திலிருந்து பிறப்பவை.

எந்த யந்திரம் தகுதியானது

45 சிசி முதல் ஏறக்குறைய 70 சிசி வரையுள்ள, சிலிண்டரைத் தனியே கழற்றக்கூடிய, கார்பரேட்டரில் எல், எச் என்ற இரண்டு திருகுகளும் உள்ள யந்திரமே இந்த வேலைக்கு உகந்தது. 50 மி.மீ. போரும் 36 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்டு 70.7 சிசி அளவுடைய ஹஸ்க்வார்னா 372 இதற்கு நல்ல உதாரணம். 31.8 சிசி உள்ள ஸ்டில் எம்எஸ் 180 போன்ற சிறு யந்திரத்தில் கிடைக்கும் லாபம் சொற்பம். தென்னை மட்டை கழிக்கவும் விறகு அறுக்கவும் அது இருக்கிறபடியே போதும்.

சில கார்பரேட்டர்களில் எச் திருகே இராது. ஜெட் நிலையாக அமைக்கப்பட்டிருக்கும். அத்தகைய யந்திரத்தின் சைலன்சரைத் திறக்கவே கூடாது. மிகுதியாக வருகிற காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலைக் கூட்ட அதில் வழியில்லை. கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும் மின்னணுக் கார்பரேட்டர் உள்ளவை தமக்குரிய எல்லைக்குள் ஈடுகொடுக்கும். அவற்றில் சிறு மாற்றத்தோடு நிறுத்திக்கொள்வது நலம். வாரண்டி உள்ள யந்திரத்தில் இந்த வேலைகளில் எதைச் செய்தாலும் அந்த வாரண்டி போய்விடும் என்பதையும் அறிந்தே தொடங்க வேண்டும்.

முதலில் ஆரோக்கியத்தைப் பாருங்கள்

நோயாளியை ஓடச் சொல்லலாகாது. கீழ்க்கண்ட பரீட்சைகளில் தேறாத எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யாதீர்கள்.

1. ஏர் ஃபில்டரைக் கழுவி உலர்த்துங்கள். டாங்கினுள் இருக்கும் பெட்ரோல் ஃபில்டரை மாற்றுங்கள். சக்தி குறைந்துவிட்டது என்று கொண்டுவரப்படும் யந்திரங்களில் பல இந்த இரண்டிலேயே குணமாகிவிடுகின்றன.

2. பிளக்கைக் கழற்றிக் கம்ப்ரெஷன் கேஜைப் பொருத்தி, வேகத்தைக் கூட்டும் விசையை முழுவதும் திறந்து வைத்து, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுங்கள். 150 பவுண்டும் அதற்கு மேலும் காட்டினால் எஞ்சின் நன்றாயிருக்கிறது. 120-க்குக் கீழே இருந்தால் பிஸ்டனோ ரிங்கோ தேய்ந்திருக்கிறது. முதலில் அதற்கு வைத்தியம் செய்யுங்கள்.

3. எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு யந்திரத்தை இடமும் வலமும் மேலும் கீழுமாகச் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கும்போது வேகம் தானாக ஏறினாலோ, விசையை விட்டபின் வேகம் இறங்கத் தாமதித்தாலோ, எங்கோ காற்று கசிகிறது; கிராங்க் சீலும் கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாயும்தான் முதலில் சந்தேகிக்கத்தக்கவை. இந்தக் கசிவோடு சைலன்சரைத் திறப்பது எஞ்சினைக் கொல்வதற்குச் சமானம்.

சங்கிலியை மறக்காதீர்கள்

எஞ்சினைத் தொடுமுன் அரத்தை எடுங்கள். பத்து நிமிஷம் அரத்தோடு உட்கார்ந்தால் கிடைக்கும் லாபம், ஒரு நாள் முழுவதும் சிலிண்டரோடு போராடிக் கிடைக்கும் லாபத்துக்குக் குறைந்ததன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம். மூன்றெட்டு அங்குலப் பிட்ச் உள்ள சங்கிலிக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ. உருட்டு அரமும், அதே பிட்சில் தாழ்ந்த பல்லுடைய சிறு சங்கிலிக்கு 4 மி.மீ. அரமும் பொருந்தும். பல்லின் மேல்தட்டு 30 டிகிரிக் கோணத்தில், எல்லாப் பற்களும் ஒரே நீளத்தில் இருக்கட்டும். பல்லுக்கு முன்னுள்ள மூக்கு அதைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பனையின் கருநார் சங்கிலியின் கூரை வெகு சீக்கிரம் தின்றுவிடும்; பனை அறுக்கிற நாளில் ஒவ்வொரு டாங்க் பெட்ரோலுக்கும் ஒருமுறை அரம் போடத் தயங்காதீர்கள்.

சைலன்சரைத் திறத்தல்

மிகக் குறைந்த பிரயத்தனத்தில் மிகுந்த பலனைத் தருவது இந்த வேலையே. மிகப் பல எஞ்சின்களைக் கெடுத்ததும் இதுவே. துளை போடும் டிரில், உருண்டை அரம், வெர்னியர், நட்சத்திரத் தலைச் சாவி, துருப்பிடிக்காத எஃகு வலை ஒரு துண்டு, புதிய சைலன்சர் கேஸ்கெட் ஆகியவற்றை முன்கூட்டியே சேகரித்துக்கொள்ளுங்கள்.

1. யந்திரம் முழுவதும் குளிர்ந்தபின் பிளக் தொப்பியைக் கழற்றி, டாங்கிலுள்ள பெட்ரோலை வெளியே எடுத்துவிட்டு, சைலன்சரை அவிழ்த்து எடுங்கள்.

2. புகைவாசல் வழியாகப் பிஸ்டனை விளக்கு வைத்துப் பாருங்கள். பக்கச் சுவர் வழவழப்பாகவும், ரிங் தன் பள்ளத்தில் இறுகாமலும் இருக்க வேண்டும். செங்குத்தான ஆழ்ந்த கீறல்கள் தென்பட்டால் அந்த எஞ்சின் ஏற்கெனவே ஒருமுறை உஷ்ணத்தில் பிடித்திருக்கிறது. வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

3. கயிற்றை மெல்ல இழுத்துப் பிஸ்டன் வாசலை மூடும்படி நிறுத்தி, ஒரு சுத்தமான துணியை வாசலில் அடைத்துவிடுங்கள். உள்ளே ஒரு துணுக்கு உலோகம் போனாலும் பிஸ்டனும் சிலிண்டரும் நாசமாகும்.

4. புகைவாசலின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பரப்பைக் கணக்கிடுங்கள். சைலன்சரிலிருந்து வெளியேறும் துளைகளின் மொத்தப் பரப்பு இதில் 70 முதல் 75 சதவீதம் வரை இருப்பது போதுமானது. உதாரணமாக, வாசலின் பரப்பு மூலைகளின் வளைவைக் கழித்து 350 சதுர மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், நமக்கு வேண்டியது ஏறக்குறைய 250. பழைய துளை 12 மி.மீ. விட்டமுள்ளதானால் அதன் பரப்பு 113, 13 மி.மீ. துளை ஒன்றைப் புதிதாகச் சேர்த்தால் 133 கூடி, மொத்தம் 246 ஆகிவிடுகிறது.

5. புதிய துளைக்கு இடம் தேர்ந்தெடுப்பதில் நிதானம் வேண்டும். வெளிவரும் புகை டாங்கையோ, பிளாஸ்டிக் மூடியையோ, முன்கைப்பிடியையோ, செயின் பிரேக்கையோ தாக்கலாகாது; முன்புறமாகவும் வெளிப்புறமாகவும் போவதே சரி. உள்ளே வினையூக்கிக் கூடு உள்ள சைலன்சரானால், அதை வெட்டிப் பார்க்க முயலாதீர்கள்.

6. சிறிய துளையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கி, விளிம்பின் பிசிறை அரத்தால் மழுக்குங்கள். பிறகு சைலன்சரைத் தட்டியும் கழுவியும் காற்றடித்தும் கடைசித் துணுக்கு வரையில் நீக்குங்கள். எஞ்சினின் மூச்சு வெளியே போவது மட்டுமன்று, ஒரு கணம் உள்ளேயும் இழுக்கும் என்பதால், சைலன்சரில் தங்கிய பொடி சிலிண்டருக்குப் போய்ச் சேரக்கூடும்.

7. பழைய துளையிலிருந்த பொறிவலையைத் திரும்பப் பொருத்துவதோடு, புதிய துளைக்கும் வலை போடுங்கள். பங்குனி, சித்திரையில் காய்ந்த சருகின்மேல் ஒரு பொறி விழுந்தால் ஒரு தோப்பு எரிந்துவிடும். வலை சக்தியைக் குறைக்கிறது என்று சொல்லி அதைப் பிடுங்கி எறிகிறவர்களின் ஆலோசனையைக் கேட்காதீர்கள். கரி பிடித்த வலைதான் சக்தியைக் குறைக்கிறது, துலக்கிய வலை குறைப்பதில்லை.

8. புதிய கேஸ்கெட் வைத்து போல்ட்டுகளை முடுக்குங்கள். முதல்முறை சூடாகிக் குளிர்ந்தபின் மறுபடியும் முடுக்குவது அவசியம்.

துளை எவ்வளவு பெரியதோ அவ்வளவு சக்தி என்று கருதிச் சைலன்சரின் முகத்தையே வெட்டியெடுப்பவர்கள் உண்டு. ஓரளவுக்கு மேல் பெருகுவது ஓசை மட்டுமே. தாழ்ந்த வேகத்தில் இழுக்கும் வலிமை குறைந்தும் போகும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றை நானே கண்டிருக்கிறேன். பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் காலையில் சைலன்சரைத் திறந்து, யந்திரம் கத்துகிற கத்தலைக் கேட்டு மகிழ்ந்து, கார்பரேட்டரைத் தொடாமலே தைலமரம் அறுக்கப் புறப்பட்டார். மத்தியானத்துக்குள் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தபோது பிஸ்டனின் புகைவாசல் பக்கம் முழுவதும் உரிந்திருந்தது. அன்று காலை அவர் கேட்ட அந்தக் கூர்மையான கத்தல் பெட்ரோல் போதாத எஞ்சினின் கத்தல் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதனால் சைலன்சரும் கார்பரேட்டரும் இரண்டு வேலைகள் என்று எண்ணாதீர்கள்; முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதைச் செய்யாமல் யந்திரத்தை முடுக்கவே கூடாது.

கார்பரேட்டரைச் சரிசெய்தல்

எல் என்னும் திருகு தாழ்ந்த வேகத்துக்கும், எச் என்னும் திருகு முழு வேகத்துக்கும் உரிய பெட்ரோலை அளக்கின்றன. மூன்றாவதாகிய ஐடில் திருகு, விசை சும்மா இருக்கும்போது காற்று வாசல் எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது. எல், எச் இரண்டையும் வலமாகத் திருப்பினால் பெட்ரோல் குறையும். இடமாகத் திருப்பினால் கூடும்.

1. இரண்டு திருகுகளையும் வலமாக மெல்லத் திருப்பி, தடை தெரிந்தவுடன் நிறுத்துங்கள். அழுத்தினால் ஊசிமுனை இருக்கையைக் கெடுத்துவிடும். அங்கிருந்து ஒவ்வொன்றையும் ஒரு சுற்று இடமாகத் திறங்கள். எச் திருகை மட்டும் இன்னும் கால் சுற்றுக் கூடுதலாகத் திறந்து தொடங்குங்கள்.

2. யந்திரத்தைத் திறந்த வெளியில் முடுக்கி, லேசான கட்டை ஒன்றை அறுத்தபடி நாலைந்து நிமிஷம் சூடேற்றுங்கள். அடைத்த கொட்டகைக்குள் இதைச் செய்யாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை.

3. விசையை விட்டு, எல் திருகை இப்புறமும் அப்புறமும் சிறிது சிறிதாகத் திருப்பி, எஞ்சின் மிக வேகமாக ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எட்டில் ஒரு பங்கு சுற்று இடமாகத் திறங்கள். விசையை இழுத்தவுடன் தயக்கமின்றி வேகம் ஏற வேண்டும்.

4. ஐடில் திருகைச் சரிசெய்து, சங்கிலி சற்றும் நகராத வேகத்தில் நிறுத்துங்கள். விசையை விட்டபின்னும் சங்கிலி ஊர்ந்துகொண்டிருந்தால், அந்த யந்திரத்தைக் கீழே வைக்கும்போதோ தூக்கிக்கொண்டு நடக்கும்போதோ விபத்து நேரும்.

5. இப்போது எச் திருகு. முழு விசையில் இரண்டு மூன்று விநாடி மட்டும் ஓடவிட்டு ஓசையைக் கவனியுங்கள். பெட்ரோல் மிகுதியாயிருந்தால் எஞ்சின் ‘பொட பொட’ என்று சற்றே தடுமாறிய குரலில் ஓடும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிவதால் வரும் ஓசை அது. வலமாகச் சிறிது திருப்பினால் அந்தக் குரல் மறைந்து, ஒரே சீரான கூர்மையான சப்தம் எழும். அவ்விடத்தில் நிற்காமல் உடனே இடமாகத் திருப்பி, பொடபொடப்பு மீண்டும் வரும்படி செய்யுங்கள்.

6. கட்டையில் வாளை வைத்து அறுங்கள். பாரம் ஏறியவுடன் பொடபொடப்பு மறைந்து குரல் தெளிய வேண்டும்; வாளை உயர்த்தியவுடன் அது திரும்பி வர வேண்டும். இப்படி வருமானால் கலவை சரி. வாளை உயர்த்தியபின்னும் கூர்மையாகவே கத்தினால் பெட்ரோல் போதாது; அறுக்கும்போதும் பொடபொடத்தால் அதிகம்.

டாக்கோமீட்டர் கிடைத்தால், உற்பத்தியாளரின் கையேடு குறிப்பிட்டுள்ள உச்ச வேகத்துக்குச் சில நூறு சுற்றுகள் குறைவாகவே நிறுத்துங்கள்.

*குறிப்பு:* வேகத்தைத் தானே மட்டுப்படுத்தும் காயில் உள்ள யந்திரங்கள், எல்லை வேகத்தை எட்டியதும் பொறியை நிறுத்தி நிறுத்தி விடும். அந்தத் தடுமாற்றமும் பெட்ரோல் மிகுதியின் பொடபொடப்பைப் போலவே காதில் விழும். அனுபவமுள்ளவர்களும் இதில் ஏமாந்து எஞ்சினை எரித்திருக்கிறார்கள். இத்தகைய யந்திரத்தில் எச் திருகை நன்றாகத் திறந்து வைத்துத் தொடங்கி, அறுக்கும்போது எழும் குரலை மட்டும் சாட்சியாகக் கொள்ளுங்கள்.

எரிபொருளைப் பற்றி ஒரு வார்த்தை. 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூடி ஆயில். சக்தி பெருக்கிய எஞ்சினுக்கு நான் 25 மில்லி, அதாவது 40-க்கு 1 கலக்கிறேன். ஆயில் அளவை மாற்றினால் கார்பரேட்டரை மறுபடி சரிசெய்ய வேண்டும். ஆயில் கூடிய அளவுக்குக் கலவையில் பெட்ரோல் குறைகிறது. இன்று நம் பங்குகளில் விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதோடு, எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாத நிலையையும் உண்டாக்குவதால், எச் திருகைச் சற்றுத் தாராளமாகவே வைத்திருங்கள். வேலை முடிந்தால் டாங்கைக் காலி செய்து, கார்பரேட்டர் வற்றும்வரை ஓடவிடுங்கள்.

அடிக் கேஸ்கெட்டை நீக்குதல்

இது இரண்டாம் கட்டம். மேலே சொன்ன வேலைகளைச் செய்து ஒரு மாதமாவது பழகியபின் தொடங்கலாம். சிலிண்டருக்கு அடியிலுள்ள கேஸ்கெட்டை எடுத்துவிட்டால் சிலிண்டர் ஏறக்குறைய அரை மி.மீ. கீழிறங்கி, கம்ப்ரெஷன் உயர்ந்து, தாழ்ந்த வேகத்தில் இழுக்கும் வலிமை கூடுகிறது. எம்எஸ் 180 போன்ற சில சிறு யந்திரங்களில் அந்தக் கேஸ்கெட்டே கிடையாது.

1. எதையும் கழற்றுமுன் பிஸ்டனுக்கும் சிலிண்டர்த் தலைக்கும் உள்ள இடைவெளியை அளந்தாக வேண்டும். ஒன்றரை மி.மீ. கனமுள்ள, பற்றவைக்கும் மெல்லிய ஈயக்கம்பியைப் பிளக் துளை வழியாகச் சிலிண்டர்ச் சுவரைத் தொடும்வரை செலுத்தி, கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கம்பி, பிஸ்டன் பின் கிடக்கும் திசையில் இருக்கட்டும். மற்றத் திசைகளில் பிஸ்டன் சாய்ந்து பொய் அளவு காட்டும்.

2. நசுங்கிய நுனியை வெர்னியரால் அளந்து, அதிலிருந்து கேஸ்கெட்டின் கனத்தைக் கழியுங்கள். மிஞ்சுவது 0.5 மி.மீ.க்குக் குறையுமானால் கேஸ்கெட்டைத் தொடாதீர்கள். முழு வேகத்தில் பிஸ்டனின் இணைப்புத்தண்டு நீண்டு, பிஸ்டன் சிலிண்டர்த் தலையை இடித்துவிடும்.

3. போதுமான இடைவெளி இருந்தால் கேஸ்கெட்டை நீக்கி, இரு முகங்களையும் துடைத்து, பெட்ரோலில் கரையாத பசையை மெல்லிய படலமாகப் பூசி, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சமமாக முடுக்குங்கள். பசை உலர ஒரு நாள் விடுங்கள்.

4. மறுபடியும் ஈயக்கம்பியால் அளந்து பாருங்கள். பிறகு இரு வாசல்களையும் ரப்பரால் அடைத்து, கைப்பம்பினால் 0.5 பார் அழுத்தம் கொடுத்து, முள் இறங்குகிறதா என்று கவனியுங்கள். இறங்கினால் சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடிக்கலாம்.

போர்ட்டுகளில் அரம் வைப்பது

வாசல்களை அகலப்படுத்திச் சக்தி பெறுவது உண்மைதான். எனினும் எடுத்துவிட்ட உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. மாற்றுச் சிலிண்டர் ஒன்று கையில் இல்லாதவர் இதைத் தொடங்கவே வேண்டாம். தொடங்குவோர் மூன்று எல்லைகளை மீறலாகாது. புகைவாசலின் அகலம் போரின் அளவில் 65 சதவீதத்தைத் தாண்டினால் ரிங் வாசலுக்குள் துருத்திக்கொண்டு உடைந்துவிடும். ரிங்கின் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில் எந்த வாசலும் வரக் கூடாது. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அதன் பக்கச் சுவர் புகைவாசலை எல்லாப் பக்கமும் 2 மி.மீ.யாவது மிகுந்து மூட வேண்டும். இல்லையேல் கிராங்க் அறை நேரே சைலன்சரோடு கலந்துவிடும். அரைத்த விளிம்பை நுண்ணிய உப்புத்தாளால் உருட்டி மழுக்காவிட்டால் சிலிண்டரின் உட்பூச்சு உரியும். தூசிக்கு முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம்.

மேக்னட் சாவியை அராவிப் பொறியை முந்தச் செய்யும் வித்தையை நான் சிபாரிசு செய்வதில்லை. கிடைக்கிற லாபம் சிறிது; முடுக்கும்போது கயிறு எதிர்த்து அடித்து விரலை முறிக்கக்கூடும்.

சக்தி கூடிய யந்திரத்தைக் கையாளுதல்

மூன்றெட்டுப் பிட்ச்சும் 7 பல் ஸ்ப்ராக்கெட்டும் உள்ள யந்திரம் நிமிஷத்துக்கு 9,500 சுற்றில் அறுக்கும்போது, சங்கிலி விநாடிக்கு 21 மீட்டர் ஓடுகிறது. வேகமும் இழுப்பும் கூடக் கூட, வாளின் நுனி எதிலாவது பட்டு முகத்தை நோக்கித் துள்ளும் விசையும் கூடுகிறது. ஆகவே சக்தியைக் கூட்டிய அன்றே செயின் பிரேக்கைக் கழற்றித் துடைத்து, அது நொடியில் பிடிக்கிறதா என்று பரீட்சியுங்கள். சங்கிலி பிடிக்கும் கொக்கி உடைந்திருந்தால் மாற்றுங்கள். கை வைத்த யந்திரத்தின் ஓசை 100 டெசிபலைத் தாண்டும் என்பதால் காதுமூடி இல்லாமல் முடுக்காதீர்கள்.

முதல் மூன்று டாங்க் பெட்ரோல் தீரும்வரை ஒவ்வொரு டாங்குக்கும் ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. வெள்ளையாக வெளிறியிருந்தால் உடனே எச் திருகைத் திறக்க வேண்டும். கறுத்து ஈரமாயிருந்தால் சிறிது மூடலாம்.

பெரும்பாலும் இந்த யந்திரத்தை நாள் முழுவதும் பிடிக்கப்போவது நீங்களாக இராது. கூலிக்கு வரும் ஒரு தொழிலாளியாக இருப்பார். பழைய யந்திரத்தின் இழுப்புக்குப் பழகிய அவருடைய கைக்கு இது புதியது. என்ன மாற்றியிருக்கிறீர்கள், ஆயில் எவ்வளவு கலக்க வேண்டும், எந்தத் திருகைத் தொடக் கூடாது என்பவற்றை அவரிடம் விளக்கி, உங்கள் கண்முன்னே இரண்டு கட்டை அறுக்கச் செய்து பாருங்கள். அதற்குமுன் யந்திரத்தை அவர் கையில் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.